விருந்தாளியின் மூன்று நாட்கள்

கோடை விடுமுறை நெருங்கியதும் ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு கேள்வி எழுகிறது: "இவ்வாண்டு எங்கே போகலாம்?" உதகை, கொடைக்கானல், ஏற்காடு என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். தந்தை கையிருப்பைக் கணக்கிட்டுப் பெருமூச்சு விடுவார். தாய் மட்டும் மெல்லிய குரலில், "எங்க லாத்தா வீட்டுக்குப் போயி எத்தனை வருஷமாச்சு!" என்பார். பெரும்பாலான இல்லங்களில் அந்தக் குரல் இரைச்சலில் அமுங்கிப் போகிறது. அமுங்கிப் போகக்கூடாத குரல் அது.

மலைக்குச் செல்வதில் தவறேதும் இல்லை. பூமியில் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறும்படி திருமறையே பல இடங்களில் நம்மை ஏவுகிறது. ஆயினும் விடுதியில் தங்கித் திரும்பும் பயணத்துக்கும், உறவினர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து திரும்பும் பயணத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னது செலவுக் கணக்கில் முடிந்துவிடும். பின்னது வணக்கமாகவே பதிவாகும். 'சிலத்துர் ரஹிம்' என்று மார்க்கம் அதற்குப் பெயரிட்டிருக்கிறது. 'ரஹிம்' என்றால் கருவறை. ஒரே கருவறை வழியாகக் கிளைத்து வந்தவர்கள் ஒருவரையொருவர் தேடிச் சென்று இணைந்திருப்பதே அச்சொல்லின் பொருள். வாழ்வாதாரத்தில் விரிவையும் ஆயுளில் நீட்சியையும் விரும்புகிறவர் உறவைப் பேணி வாழட்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. உறவைத் துண்டித்தவனுக்குச் சுவனம் இல்லை என்னும் கடும் எச்சரிக்கையும் அவர்கள் வாயிலாகவே நமக்கு வந்திருக்கிறது.

நிலக்கரி நகரின் பிள்ளைகள்

நான் வாழ்வது வடலூரில். அண்டையிலிருப்பது நெய்வேலி. 1956-ஆம் ஆண்டு நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவான பின்னர், தமிழகத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் மக்கள் இங்கே வந்து குடியேறினர். 2016-இல் அந்நிறுவனம் என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாறியது. நகரியத்தின் வட்டங்களும் குவார்ட்டர்ஸ் வீடுகளும் இன்றும் நம் மக்களின் வாழ்வைத் தாங்கி நிற்கின்றன. பணி ஓய்வு பெற்றவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரிலும் சுற்றுப்புறங்களிலும் மனை வாங்கி வீடு கட்டிக்கொள்கிறார்கள்.

இந்நகரிய வாழ்வில் வசதிகளுக்குக் குறைவில்லை. நிழல் தரும் மரங்கள், அகன்ற சாலைகள், பள்ளிகள், மருத்துவமனை எல்லாம் உண்டு. இல்லாதது ஒன்றே: ஒரே தெருவில் பெரியத்தாவும் சின்னம்மாவும் மாமியும் மச்சானும் வாழும் வாழ்க்கை. கண்டெடுத்த நிலக்கரிக்காகப் பூர்வீக ஊரை இழந்து இடம் பெயர்ந்தவர்களும் இப்பகுதியில் ஏராளம். வேலைக்காக வந்தவர்களும் வேலைக்காக அகற்றப்பட்டவர்களும் சேர்ந்து வாழும் இம்மண்ணில், உறவு என்பது திருமண அழைப்பிதழில் மட்டும் காணும் பெயராகச் சுருங்கிக்கொண்டிருக்கிறது.

மதரஸாவில் ஒருநாள், உறவுகளைப் பற்றிய பாடத்தின்போது மாணவர்களிடம் ஒரு சிறு பயிற்சி கொடுத்தேன். தந்தை வழியிலும் தாய் வழியிலும் உள்ள உறவினர்களின் பெயர்களை எழுதச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். பாட்டனார் பெயரைத் தாண்டியதும் பலருடைய எழுதுகோல் நின்றுவிட்டது. ஒரு மாணவன் தன் தாயின் உடன்பிறந்த அண்ணனை, "துபாய் மாமா" என்று எழுதினான். "அவர் பெயர் என்ன?" என்று கேட்டேன். "துபாய் மாமா தான் ஹஜ்ரத்!" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உறவைப் பேணுவதற்குத் தேவையான அளவிலேனும் உங்கள் வம்சாவளியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பதன் அவசியம் அன்று எனக்குத் தெளிவாக விளங்கிற்று.

கைப்பேசி வந்துவிட்டது, முகம் பார்த்துப் பேசுகிறோம், இனிப் போய்த்தான் பார்க்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். கைப்பேசி முகத்தைக் காட்டும். ஆனால், கண் மங்கிய மூதாட்டி தன் பேரப்பிள்ளையின் தலையைத் தடவி, "இது யாரு புள்ள?" என்று கேட்கும்போது அப்பிள்ளைக்குள் ஊறும் உணர்வை எந்தக் கருவியாலும் கொண்டு சேர்க்க இயலாது.

அருகிலேயே ஒரு கடலோரம்

உறவைக் காணவும் வேண்டும், பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியும் வேண்டும், செலவும் மிகக்கூடாது என்போருக்கு எங்கள் பகுதியில் அல்லாஹ் அளித்த வாய்ப்பு பரங்கிப்பேட்டை. வடலூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. வெள்ளாறு வங்கக் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த பழம்பெரும் துறைமுக ஊர். குறிஞ்சிப்பாடி வழியாகப் பேருந்திலும் போகலாம். ரயிலில் செல்ல விரும்புவோர், வடலூரில் ஏறிக் கடலூர் துறைமுகம் சந்திப்பில் இறங்கி, சிதம்பரம் செல்லும் வண்டியில் மாறிக்கொள்ள வேண்டும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் கடந்ததும் பரங்கிப்பேட்டை நிலையம் வந்துவிடும்.

இவ்வூரின் பெயர்களே ஒரு வரலாற்றுப் பாடம். 'பரங்கியர்' என்று நம் முன்னோர் அழைத்த போர்த்துக்கீசியர் இங்கே தங்கி வணிகம் செய்ததால் பரங்கிப்பேட்டை. அவர்கள் இட்ட பெயர் போர்ட்டோ நோவோ. 'புதிய துறைமுகம்' என்பது அதன் பொருள். முஸ்லிம்களிடையே வழங்கிய பெயர் மஹ்மூத் பந்தர். 'பந்தர்' என்ற பாரசீகச் சொல்லுக்கும் துறைமுகம் என்றே பொருள். போர்த்துக்கீசியருக்குப் பின்னர் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இத்துறையில் பண்டகசாலை அமைத்தனர்.

1781-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஹைதர் அலியின் பெரும்படையும் சர் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படையும் இவ்வூருக்கு அருகில் மோதின. எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் ஹைதர் அலி அன்று வெற்றி காணவில்லை. தென்னகத்தின் தலைவிதியை மாற்றிய போர்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதனைக் குறிப்பிடுகின்றனர். அடுத்த நூற்றாண்டில், 1830-களில், ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே இரும்பு உருக்காலை ஒன்றை நிறுவினார். சேலம் பகுதியின் இரும்புத் தாதுவை மரக்கரி கொண்டு உருக்கி, இங்கிலாந்துக்குக் கப்பலில் அனுப்பினார்கள். அந்த ஆலை இன்றில்லை. ஹைதர் அலியின் பெயரைப் பாடநூலில் மட்டுமே படித்த பிள்ளைகளுக்கு, அவர் குதிரை நடந்த மண்ணைக் காட்டுவது எத்தனை பெரிய பாடம்!

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயர் ஆய்வு மையமும் இங்கேதான் இருக்கிறது. கல்லூரிப் படிப்புக்கு வழி தேடும் மகனோ மகளோ இருப்பின், இப்படியும் ஒரு துறை உண்டு என்பதை நேரில் கண்டு வரட்டும். கடலுக்குள் இறைவன் மறைத்து வைத்திருக்கும் படைப்புகளின் விந்தையை ஆராய்வது ஈமானுக்கு உரமூட்டும் கல்வியன்றோ!

பயணத் தொழுகை பற்றியும் ஒரு வார்த்தை. வெளியூர் போகிறோம் என்பதாலேயே கஸ்ராகச் சுருக்கித் தொழலாம் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். மார்க்க அறிஞர்கள் கணக்கிட்டுள்ள தொலைவு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை அந்த எல்லைக்கு உட்பட்டது. ஆகவே முழுமையாகவே தொழ வேண்டும். காரைக்காலுக்கோ நாகூருக்கோ செல்வோருக்கு அச்சலுகை உண்டு. அவரவர் மத்ஹபின் விவரங்களை உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நலம்.

யாருக்கு ஓய்வு?

இனி, இக்கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். விடுமுறை என்பது ஓய்வுக்காக. உறவினர் வீட்டுக்குச் சென்றால் நாம் ஓய்வெடுக்கிறோம். ஆண்கள் திண்ணையில் பேசுகிறார்கள். பிள்ளைகள் கரையில் ஆடுகிறார்கள். அந்த வீட்டுப் பெண்மணி என்ன செய்கிறார்?

ஃபஜ்ருக்கு முன்பே எழுந்து இடியாப்பம் பிழிகிறார். பசியாறி முடித்த பாத்திரங்களைத் துலக்கி நிமிரும்போது மீன்காரம்மா வாசலில் கூவுகிறார். சங்கரா, மடவை, இறால் என்று வாங்கி, ஆய்ந்து, அலசி, ஆக்கி முடிப்பதற்குள் லுஹர் வந்துவிடுகிறது. பன்னிரண்டு பேருக்குச் சோறு. அஸருக்குப் பின் தேநீரும் பலகாரமும். இரவுக்கு மீண்டும் அடுப்பு. அனைவரும் உண்டெழுந்த பிறகு, ஆறிய சோற்றை அடுப்படியின் மூலையில் தனியாக அமர்ந்து உண்கிறார். மே மாத வெயிலில் அடுப்பின் முன் நின்று அவர் சிந்தும் வியர்வையின் மீதுதான் நம்முடைய விடுமுறை நடந்துகொண்டிருக்கிறது.

கடற்கரையூர்களின் குடும்ப அமைப்பையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஆண்கள் சபுராளிகளாகக் கடல் கடந்து செல்லும் ஊர்கள் இவை. முன்பு பர்மா, மலாயா, சிங்கப்பூர். இப்போது வளைகுடா நாடுகள். வீட்டையும் பிள்ளைகளின் கல்வியையும் மாமியாரின் மருந்தையும் மின்கட்டணத்தையும் தனியொருத்தியாகக் கவனிப்பவர் அப்பெண்மணி. ஆண்டு முழுவதும் உழைக்கும் அவருக்கு நம் வருகை மகிழ்ச்சி தரவே செய்யும். அந்த மகிழ்ச்சியின் பெயரால் அவர் மீது நாம் ஏற்றும் சுமையை அவர் ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். சொல்லாததனாலேயே நாம் உணர வேண்டும்.

என் துணைவியாரின் தமக்கை இவ்வூரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். சென்ற முறை நாங்கள் போயிருந்தபோது, இரண்டாம் நாள் காலையில் என் துணைவியாரும் மகளும் அடுப்படிக்குள் நுழைந்து, "லாத்தா, இன்னைக்கு அடுப்படி எங்களுக்கு. நீங்க கூடத்துல போயி உக்காருங்க" என்றார்கள். "விருந்துக்கு வந்த புள்ளைங்கள வேல வாங்குறதா? ஊரு என்ன பேசும்?" என்று அவர் மறுத்தார். அவருடைய மாமியார்தான் தீர்ப்புச் சொன்னார்: "உக்காரு புள்ள, நானும் கண்ணாரப் பாக்குறேன்." மருமகள் பகல் வேளையில் அமர்ந்திருப்பதைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருக்கும் போலும். பாத்திரம் துலக்கும் பணி என் மகன்களுக்கு வந்து சேர்ந்தது. முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார்கள். வீட்டில் தம் துணைவியருக்கு ஊழியம் செய்து, கிழிந்த ஆடையைத் தாமே தைத்துக்கொண்ட நாயகத்தின் உம்மத்துக்குப் பாத்திரம் துலக்குவது இழுக்காகாது என்று சொன்னதும் முணுமுணுப்பு அடங்கியது. அன்று மாலை அக்கா தங்கை இருவரும் முற்றத்தில் அமர்ந்து, காலஞ்சென்ற தம் தாயாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பொலியும் இடையிடையே மௌனமும் எங்கள் காதில் விழுந்தன. அந்த ஒரு மாலைக்காகவே அப்பயணம் தகும்.

மூன்று நாட்களின் இலக்கணம்

விருந்தோம்பலைப் போற்றிய மார்க்கம் விருந்தாளிக்கும் எல்லை வகுத்திருக்கிறது. முதல் ஒரு பகலும் ஓர் இரவும் சிறப்பான உபசரிப்பு. மூன்று நாட்கள் வரை விருந்து. அதற்குப் பின் வழங்கப்படுவது தர்மம். விருந்தளிப்பவரைச் சங்கடத்துக்கு உள்ளாக்கும் வரை தங்கியிருப்பது விருந்தாளிக்கு ஆகுமானதன்று. ஆதாரபூர்வமான நபிமொழித் தொகுப்புகளில் காணப்படும் இவ்விதியில், இரு தரப்பாரின் உள்ளங்களையும் அறிந்த பேரறிவு ஒளிர்கிறது. வீட்டுக்காரர் ஈந்து மகிழவும், சலிப்பு எழுவதற்கு முன்பே விருந்தாளி எழுந்துவிடவும் இதில் வழியுண்டு.

நபி இப்ராஹீம் (அலை) அவர்களிடம் முன்பின் அறியாத விருந்தினர் வந்த நிகழ்ச்சியைத் திருமறை எடுத்துரைக்கிறது. அவர்கள் ஓசையின்றித் தம் வீட்டாரிடம் சென்று, பொரித்த கன்றின் இறைச்சியைக் கொண்டுவந்து முன்னே வைத்தார்கள். "உண்கிறீர்களா?" என்று முன்கூட்டியே கேட்டு விருந்தினரைத் தயங்க வைக்கவில்லை. விருந்தளிப்போருக்கு இது இலக்கணம். விருந்தாளிக்கு உரிய இலக்கணத்தையும் அதே மறை சொல்கிறது: அனுமதி பெற்று, ஸலாம் உரைத்து நுழைய வேண்டும், திரும்பிச் செல்லும்படி கூறப்பட்டால் மனக்கசப்பின்றித் திரும்ப வேண்டும்.

இவற்றை நம் வாழ்வில் கொண்டுவருவது எளிது. முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செல்வோம். எத்தனை பேர், எத்தனை நாள் என்பதையும் சேர்த்தே சொல்வோம். பள்ளித் தேர்வோ, நோயாளியோ, வேறு விருந்தினரோ அங்கிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவோம். போகும்போது மிட்டாய்ப் பெட்டிக்குப் பதிலாக அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி என்று இரண்டு நாள் சமையலுக்கு உதவும் பொருட்களைக் கொண்டுபோனால், வீட்டுக்காரரின் மாதக் கணக்குத் தடுமாறாது. பண்ணுருட்டி அருகிலிருப்பதால் எங்கள் பக்கத்தினர் பலாப்பழமும் முந்திரியும் கொண்டுபோவது வழக்கம். கடலோரத்தார் அதனை ஆவலோடு வரவேற்பார்கள்.

கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் ஆண்கள் தங்குவதைத் தவிர்க்க வேண்டும். நெருங்கிய சொந்தம் என்ற உரிமையில் இவ்விஷயத்தில் ஏற்படும் அலட்சியத்தை நபிகளார் (ஸல்) மிகக் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள். பெண்களும் பிள்ளைகளும் அங்கே தங்க, ஆண்கள் அடுத்த தெருவில் வேறோர் உறவினர் இல்லத்தில் தங்கிக்கொள்ளலாம். நாங்கள் அவ்வாறே செய்தோம். இதனால் இரண்டு வீட்டாருடைய உறவும் வலுப்பட்டது.

மற்றொன்று நாவடக்கம். நான்கு உறவினர் கூடினால் ஐந்தாவது உறவினரைப் பற்றிய பேச்சு எழுவது இயல்பு. யார் மகளுக்கு எத்தனை சவரன் போட்டார்கள், யார் மகன் என்ன சம்பாதிக்கிறான் என்னும் கணக்குகள் விரியத் தொடங்கினால், பேணச் சென்ற உறவை நாமே அறுத்துவிட்டுத் திரும்பியவர்களாவோம்.

தட்டில் இருக்கும் நண்டு

கடற்கரையூருக்குச் செல்லும் உள்நாட்டுப் பிள்ளைகள் சந்திக்கும் ஒரு சுவையான சிக்கலையும் சொல்ல வேண்டும். தமிழகத்தின் கடலோர முஸ்லிம்களிடையே ஷாஃபிஈ மத்ஹபினர் மிகுதி; உள்நாட்டில் ஹனஃபிகள் மிகுதி. ஷாஃபிஈ மத்ஹபில் கணவாய் போன்ற கடல் உணவுகளுக்குத் தடையில்லை, நண்டையும் பலர் உண்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் மீன் வகை மட்டுமே ஆகும், நண்டு ஆகாது. இறால் மீன் வகைதானா என்பதில் ஹனஃபி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, பலர் உண்கிறார்கள்.

விருந்து நடக்கும்போது மஞ்சளும் மிளகும் மணக்க நண்டுக் குழம்பு வந்து சேரும். ஒரு பிள்ளை, "இது ஹராம்!" என்று உரக்கச் சொல்லிவிடும். ஆக்கிப் போட்டவரின் முகம் வாடிவிடும். இவ்விடத்தில்தான் பெற்றோரின் பக்குவம் வெளிப்பட வேண்டும். "நம் இமாமின் ஆய்வு ஒன்று, இவர்களுடைய இமாமின் ஆய்வு மற்றொன்று. இருவரும் குர்ஆனையும் சுன்னாவையும் ஆராய்ந்தே சொன்னார்கள். நாம் மீனை எடுத்துக்கொள்வோம்" என்று பிள்ளைக்கு விளக்கினால் போதும். அஸர் தொழுகையின் பாங்கு அங்கே முன்னதாக ஒலிப்பதையும், ஃபஜ்ரில் குனூத் ஓதப்படுவதையும் கண்டு பிள்ளை வினவும்போதும் இதே பக்குவத்துடன் விடையளிக்கலாம். கருத்து வேறுபாட்டைக் கண்ணியத்துடன் ஏற்கும் பயிற்சியை ஒரு நண்டுக் குழம்பு கற்றுக்கொடுத்துவிடும்.

வேர்கள் பின்னிய காடு

பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் பரந்திருக்கிறது பிச்சாவரம் சதுப்பு நிலக்காடு. கிள்ளை வழியாகச் செல்ல வேண்டும். ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு, நூற்றுக்கணக்கான நீர்வழிகள். 2022-ஆம் ஆண்டு இது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. உறவினர் வீட்டுப் பிள்ளைகளையும், அவ்வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு ஒருநாள் காலையில் அங்கே செல்லுங்கள். அருகிலிருந்தும் அவர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கமாட்டார்கள். செலவை விருந்தாளியே ஏற்றுக்கொள்ளட்டும்.

துடுப்புப் படகில் அமர்ந்து அமைதியாகப் போகும்போது, இரு கரைகளிலும் சுரபுன்னை மரங்கள் தம் வேர்களைக் கிளைகளிலிருந்தே நீருக்குள் இறக்கி நிற்பதைக் காணலாம். எம்மரத்தின் வேர் எது என்று பிரித்துச் சொல்ல இயலாது. உப்பு நீரிலும் சேற்றிலும் நிற்கும் வலிமையை இந்த வேர்ப்பின்னல் அவற்றுக்குத் தருகிறது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையின்போது, கடலூர் மாவட்டத்தில் மரங்கள் அடர்ந்திருந்த கரைக்குப் பின்னிருந்த ஊர்கள், மரமற்ற கரையிலிருந்த ஊர்களைக் காட்டிலும் குறைந்த சேதத்தோடு தப்பின என்று 2005-இல் வெளியான அறிவியல் ஆய்வொன்று எடுத்துரைத்தது. சிந்திப்போருக்கு இக்காடு ஓர் அத்தாட்சி. தனித்து நிற்கும் குடும்பத்தைச் சாய்க்கப் போதுமான நோயும் கடனும் மரணமும், வேர் பின்னி நிற்கும் குடும்பங்களைச் சாய்ப்பதில்லை.

கடலில் இறங்கும் பிள்ளைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை: ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நீரோட்டம் மேலே தெரியாது, கீழே இழுக்கும். உள்ளூர்ப் பெரியவர்கள் காட்டும் இடத்திலன்றி வேறெங்கும் குளிக்கவிடாதீர்கள்.

விருந்து தன் எல்லையைக் கடந்த நாள்

ஆழிப்பேரலையைக் குறிப்பிட்டபின், பரங்கிப்பேட்டையின் உண்மையான பெருமையைச் சொல்லாமல் போவது நன்றி மறத்தலாகும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சின்னூர், புதுப்பேட்டை, எம்.ஜி.ஆர். திட்டு முதலான கரையோர மீனவக் குப்பங்களைக் கடல் விழுங்கிற்று. உயிர் பிழைத்தோர் உடுத்த துணியோடு ஊருக்குள் ஓடி வந்தனர். அன்று ஊரில் முஸ்லிம் இல்லத் திருமணம் ஒன்றுக்காக விருந்து தயாராகியிருந்தது. அந்த உணவு அப்படியே அம்மக்களின் பசிக்குப் பரிமாறப்பட்டது. தொடர்ந்து வந்த நாட்களிலும் ஜமாஅத்தார் உலையை அணையவிடவில்லை. உணவு, உடை, தங்க இடம் என்று அவர்கள் ஆற்றிய பணியை நாடே அறிந்து வியந்தது. வந்தவர்களிடம் எவரும் சமயத்தைக் கேட்கவில்லை.

திருமணப் பந்தலில் யாருக்கு முதல் பந்தி, யாருக்கு எந்தச் சஹன் என்று சண்டையிடும் சமுதாயத்தில்தான் இந்தப் பந்தியும் நடந்தது. விருந்து என்பதன் பொருளை அன்று அவ்வூர் உலகுக்குக் கற்றுக்கொடுத்தது. எங்கள் வடலூரிலும், 1867-ஆம் ஆண்டு வள்ளலார் இராமலிங்க அடிகள் பசித்தோருக்காக நிறுவிய தருமசாலையின் அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. அண்டை வீட்டான் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறார உண்பவன் நம்பிக்கையாளன் அல்லன் என்று பயிற்றுவிக்கப்பட்ட சமுதாயம், நற்செயல் எங்கே நடந்தாலும் அதனைத் தன் கைதவறிய பொருளாகவே கருத வேண்டும். பரங்கிப்பேட்டைக்குச் செல்லும் பிள்ளைகளை அக்கரையோர ஊர்கள் வழியே அழைத்துச் சென்று, இவ்வரலாற்றைச் சொல்லிக்கொடுங்கள்.

போகாமல் விட்ட வீடு

ஊரார் பசியைத் தீர்த்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, அதே தெருக்களில் வாழும் நம் சொந்த ஏழையை மறந்துவிடலாகாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் உறவினர் ஊரில் இரண்டு வகை வீடுகள் இருக்கும். ஒன்று, குளிர்சாதன அறையும் விருந்தினர் அறையும் உள்ள வீடு. அங்கே போய்த் தங்குவோம். மற்றொன்று, சந்துக்குள் ஓட்டு வீடு. விதவையான ஓர் அத்தையோ, கைகால் முடங்கிய மாமாவோ இருப்பார். "நேரமில்லை, அடுத்த முறை பார்க்கலாம்" என்று வந்துவிடுவோம். நாம் ஊருக்கு வந்து போன செய்தி அவர்களுக்கு மூன்றாம் நாள் தெரியவரும். அப்போது அவர்கள் உள்ளத்தில் எழும் வேதனையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஏழைக்குக் கொடுப்பது ஒரு தர்மம். ஏழை உறவினருக்குக் கொடுப்பது தர்மத்தோடு உறவைப் பேணிய நன்மையையும் சேர்த்துத் தருவது என்று நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. ஆகவே முதலில் செல்ல வேண்டியது அந்த ஓட்டு வீட்டுக்குத்தான். சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்து, வாங்கி வந்ததை ஓசையின்றிப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, அவர்கள் தரும் கறுப்புத் தேநீரை மகிழ்வோடு வாங்கி அருந்தி, ஒரு மணி நேரம் அமர்ந்திருங்கள். அவர்கள் வீட்டுப் பாயில் உங்கள் பிள்ளைகள் உட்காரட்டும்.

பேச்சுவார்த்தை இல்லாமல் போன வீடும் ஒன்றிருக்கும். எப்போதோ நடந்த பாகப்பிரிவினை, என்றோ ஒரு திருமணத்தில் விடுபட்ட அழைப்பு. "அவர்கள் வந்தால் நாங்கள் போவோம்" என்று இரு தரப்பாரும் காத்திருக்க, காலம் ஓடிக்கொண்டிருக்கும். கொடுத்ததற்குப் பதில் கொடுப்பவர் உறவைப் பேணியவர் ஆகமாட்டார். அறுந்த உறவை முன்சென்று இணைப்பவரே பேணியவர் என்பது நபிமொழி காட்டும் அளவுகோல். அந்த வாசலில் நின்று ஒரு ஸலாம் சொல்வது, ஆயிரம் கிலோமீட்டர் பயணத்தைவிடக் கடினமானது. கூலியும் அதற்கேற்பப் பெரியது. சமயம் வேறுபட்ட உறவினரும் இதில் அடங்குவர். இஸ்லாத்தை ஏற்காத தம் தாயார் தம்மைக் காண வந்தபோது என்ன செய்வதென்று வினவிய அஸ்மா (ரலி) அவர்களுக்கு, தாயுடன் உறவைப் பேணும்படியே நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள்.

திரும்பும் நாளில் ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. "அடுத்த விடுமுறைக்கு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும்" என்று அழைப்பது. கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு நம் செம்மண் பூமியும் முந்திரித் தோப்பும் நெய்வேலியின் நிழற்சாலைகளும் புதுமையாகவே தோன்றும். அவர்கள் வரும்போது, நம் வீட்டு அடுப்படியில் நின்று நாமும் வியர்வை சிந்துவோம். அந்தச் சகோதரி மூன்று நாட்கள் அமர்ந்து உண்ணட்டும். அப்போதுதான் விருந்தின் கணக்கு நேராகும்.

இந்தக் கோடையில், உங்கள் இல்லத்து அன்னை மெல்லிய குரலில் சொல்லும் ஊரின் பெயருக்குச் செவிகொடுங்கள். அது பரங்கிப்பேட்டையாக இருக்கலாம். காயல்பட்டினமாகவோ கீழக்கரையாகவோ அதிராம்பட்டினமாகவோ இருக்கலாம். உறவைப் பேணி வாழும் நன்மக்களின் கூட்டத்தில் அல்லாஹ் நம்மையும் நம் சந்ததியினரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.